குன்னூர் பக்கம் எங்க கவர்மென்ட் ஹைஸ்கூல் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி: வெலிங்டன்_பையன்

வணக்கம் எல்லாருக்கும். குன்னூர் டவுன்ல இருந்து ஊட்டி ரோட்டுல கொஞ்சம் மேல ஏறினா வர்ற ஊர் எங்களோடது, முனிசிபாலிட்டி எல்லைக்கு வெளில, அதுக்காக கிராமம்னும் சொல்ல முடியாது, ஒரு பக்கம் டீத்தோட்டம், ஒரு பக்கம் லைன் வீடுங்க, கீழ ரயில் பாதை. அங்க இருக்குற அரசு உயர்நிலைப் பள்ளிலதான் நான், எங்க அக்கா, எங்க அப்பா எல்லாரும் படிச்சோம். ஸ்கூல் பேரை இப்போதைக்குப் போடல, ஹெச்எம் கிட்ட இன்னும் கேக்கல, அவங்களைக் கேக்காம பேரை நெட்ல போடறது சரியில்ல.

விஷயம் என்னன்னா பழைய மாணவர்கள் வாட்ஸப் குரூப்ல பவள விழா நடத்தணும்னு பேச்சு வந்துச்சு. உடனே எந்த வருஷத்துல இருந்து எண்ணுறதுன்னு தகராறு. மெயின் கட்டிடத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, ஆனா அது கட்டிடம் திறந்த தேதி, காமராஜர் காலத்துது. எங்க ஊர்ல 90 வயசு தாண்டின ஒரு ஐயா, நான் வெள்ளைக்காரன் இருக்கும்போதே அங்க ஃபர்ஸ்ட் ஃபாரம் படிச்சேன்னு அடிச்சுச் சொல்றாரு. இன்னொரு குரூப் ஆளு எங்க காலத்துலயே அது ஹையர் செகண்டரி, நாங்க பதினோராவது வரைக்கும் அங்கதான் படிச்சோம்ங்கிறாரு, ஆனா ஸ்கூல் இன்னைக்கும் பத்தாவது வரைக்கும்தான். இன்னும் சிலர் அது முதல்ல மிஷன் ஸ்கூல், கேத்தி சாமியாருங்க ஆரம்பிச்சதுங்கிறாங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, யார் சொல்றதையும் சும்மா தள்ளிட மனசு வரல.

எனக்கு உண்மையா தெரிஞ்சுக்கணும். லவ்டேல்ல லாரன்ஸ் ஸ்கூல் 1858-ல ஆரம்பிச்சதுன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஊட்டில பிரீக்ஸ் ஸ்கூல் 1872-ல இறந்துபோன நீலகிரியோட முதல் கமிஷனர் பிரீக்ஸ் துரை ஞாபகமா வந்ததுன்னு கைடுங்க கூட சொல்றாங்க. எங்க ஸ்கூலைப் பத்தி ஒரு வரி கூட எங்கயும் இல்ல. பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல வேலை பார்த்தவங்க, ரயில்வே லோகோ ஷெட்காரங்க, அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி தொழிலாளிங்க, தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க, இவங்க பிள்ளைங்க எல்லாம் படிச்ச இடம் அது. இப்போ பிள்ளைங்க எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சு போச்சு, காலைல மெட்ரிக் ஸ்கூல் வேனுங்க எங்க கேட்டைத் தாண்டித்தான் போகுது. இப்பவே எழுதி வைக்கலன்னா அப்புறம் எழுத ஆள் இருக்காதுன்னு பயமா இருக்கு.

எந்த ரெக்கார்டைப் பார்க்கணும், எந்த ஆபீஸ்ல கேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1: ஓய்வு_எழுத்தர்

தம்பி, கல்வித்துறை ஆபீஸ்ல எழுத்தரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான், இந்த மாதிரி விழாவுக்கு வருஷம் கேட்டு வர்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க, உங்க குரூப்ல சொல்ற எல்லாருமே சரியாத்தான் சொல்லியிருக்கலாம். ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூல் ஒரே நாள்ல பிறக்கறது இல்ல. முதல்ல ஒரு ஆரம்பப் பள்ளி, அது மிஷனோ போர்டோ பஞ்சாயத்தோ நடத்தினதா இருக்கும், அப்புறம் நடுநிலை, அப்புறம் உயர்நிலை, ஒவ்வொரு தடவையும் தரம் உயர்த்த தனித்தனியா ஒரு ஜிஓ, அதாவது அரசாணை. அதுக்கு ஊர்க்காரங்க பங்குத்தொகை கட்டி இடமும் எழுதிக் குடுத்திருப்பாங்க. அதனால ஆரம்பிச்ச வருஷம் எதுன்னு கேக்காதீங்க, எந்த நிலை எந்த வருஷம்னு கேளுங்க, தகராறு பாதி அதுலயே அடங்கிடும்.

அந்தப் பெரியவர் சொன்ன ஃபர்ஸ்ட் ஃபாரம்ங்கிறது இன்னைக்கு ஆறாம் வகுப்பு. சிக்ஸ்த் ஃபாரம் எஸ்எஸ்எல்சி, அது பதினோராவது. தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்தது 1978-ல, அதுவரைக்கும் ஹைஸ்கூல்னாலே பதினொண்ணு வரைக்கும்தான், முடிச்சா பியூசிக்குக் காலேஜ் போகணும். அதனால இன்னொருத்தர் பதினோராவது அங்க படிச்சேன்னு சொல்றது நிஜம், ஆனா அது ஹையர் செகண்டரி இல்ல, பழைய எஸ்எஸ்எல்சி. 78-க்கு அப்புறம் பிளஸ் டூ கிடைக்காத ஹைஸ்கூல் எல்லாம் ஒரு வகுப்பு குறைஞ்சு பத்தோட நின்னுடுச்சு. ஒண்ணு மட்டும் கவனிங்க, எட்டாவதோட முடியற ஹையர் எலிமென்டரின்னு தனியா இருந்துச்சு, அங்க இஎஸ்எல்சி பரீட்சை, அங்க ஃபாரம்னு சொல்ல மாட்டாங்க. ஐயா ஃபாரம்னு சொல்றாருன்னா அவர் படிச்சது ஹைஸ்கூல் வழில போற பள்ளிக்கூடம், அது உங்க ஸ்கூலா டவுன் ஸ்கூலான்னு நிதானமாக் கேட்டுப் பாருங்க.

அடுத்தது யார் நடத்தினாங்கங்கிறது. முனிசிபல் எல்லைக்கு வெளிலன்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப முக்கியம். குன்னூர் 1866-லயே முனிசிபாலிட்டி ஆயிடுச்சு, எல்லைக்கு உள்ள இருந்தா முனிசிபல் ஸ்கூல், வெளில இருந்தா ஜில்லா போர்டு. எங்க அப்பா காலத்து ஆளுங்க கடைசி வரைக்கும் போர்டு ஸ்கூல்னுதான் சொல்லுவாங்க. 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்கு அப்புறம் போர்டுங்கிற அமைப்பே இல்லாமப் போச்சு, ஹைஸ்கூல்கள் அரசாங்கத்துக்கு வந்துச்சு, ஆரம்பப் பள்ளியும் நடுநிலையும் பஞ்சாயத்து யூனியன் கைக்குப் போச்சு. அந்த யூனியன் டீச்சருங்க அரசு ஊழியர் ஆனது 1981-ல. இன்னொண்ணு, 1953-ல ராஜாஜி கொண்டு வந்த அரை நேரப் பள்ளிக்கூடத் திட்டம் டவுனை விட்டுட்டு கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்குத்தான் வந்துச்சு, அடுத்த வருஷமே காமராஜர் எடுத்துட்டாரு. உங்க ஸ்கூல் அப்போ ஆரம்பப் பள்ளியா எல்லைக்கு வெளில இருந்திருந்தா அந்த ஒரு வருஷ அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல ரெண்டு ஷிப்ட் தெரியும். கிடைச்சா பெரிய சரித்திரம் அது.

இப்போ எங்க தேடுறதுன்னு வர்றேன். நிறையப் பேர் தவற விடற இடம் இது. நடுநிலைப் பள்ளியை உயர்நிலை ஆக்கும்போது ஆறு ஏழு எட்டு ஹைஸ்கூலோட போயிடும், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் தனி ஆரம்பப் பள்ளியா நின்னுடும், அதே காம்பவுண்டுல இல்லன்னா பக்கத்துத் தெருவுல. பழைய சேர்க்கைப் பதிவேடு பெரும்பாலும் அந்த ஆரம்பப் பள்ளி பீரோவுல கிடக்கும். ஹைஸ்கூல் ஹெச்எம் கிட்ட கேட்டா நிஜமாவே அவங்களுக்குத் தெரியாது. அதனால முதல்ல ஆரம்பப் பள்ளிக்குப் போங்க. சேர்க்கை எண் 1 எந்தத் தேதில விழுதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய முதல் நாள். ஒருவேளை முதல் பக்கமே பழைய எண்ல இருந்து தொடர்ந்து வந்தா அதுக்கு முந்தி இன்னொரு வால்யூம் இருக்குன்னு அர்த்தம், விடாதீங்க.

தரம் உயர்த்தின ஜிஓ நம்பர் கிடைக்கலன்னா முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீசுக்கு ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும், 30 நாளைக்குள்ள பதில் குடுக்கணும். யூடைஸ்ங்கிற அரசாங்கப் பள்ளி விவரத் தொகுப்புல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தொடங்கின வருஷம் போட்டிருக்கும், ஆனா அது யாரோ ஒரு ஹெச்எம் கேட்டுக் கேட்டு நிரப்பினது, அதை மட்டும் வச்சு விழா வச்சுடாதீங்க. மாவட்ட சென்சஸ் கையேடுங்க இருக்கு, 1961, 1971-ல வந்தது, ஊர் வாரியா என்னென்ன வசதி இருக்குன்னு அட்டவணை வரும், 61-ல இல்லாத ஹைஸ்கூல் 71-ல இருந்தா நடுவுல வந்ததுன்னு சுருக்கிடலாம். வெள்ளைக்காரன் காலத்துக்கு கிரிக் எழுதின 1880 மேனுவல், பிரான்சிஸ் எழுதின 1908 கெசட்டியர் ரெண்டுலயும் நீலகிரி கல்வி பத்தி வருது, கிரிக் பின்னாடி மதராஸ் மாகாணத்துக்கே கல்வித்துறை டைரக்டரா இருந்தவரு. அதுக்கும் கீழ போகணும்னா எழும்பூர் ஆவணக் காப்பகம்தான்.

கேத்தி மிஷன் கதையை ஒதுக்கிடாதீங்க. பாசல் மிஷன் 1846-ல கேத்திக்கு வந்துச்சு, காசமேஜர்ங்கிற ரிட்டையர்டு ஜட்ஜ் தன் சொத்தை அவங்களுக்கு எழுதி வச்சாரு, படுகர் ஹட்டிகளுக்கு, அதாவது அவங்க ஊர்களுக்கு, முதல்ல பள்ளிக்கூடம் கொண்டு போனவங்க அவங்கதான். ஆனா நீலகிரில எந்தப் பழைய ஸ்கூலைக் கேட்டாலும் மிஷன் ஸ்கூல்னு சொல்ற பழக்கம் இருக்கு, பத்திரம் பார்க்காம எழுத வேண்டாம். இடம் யார் பேர்ல இருந்து எழுதிக் குடுத்ததுன்னு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டாத் தெரிஞ்சிடும்.

பதில் 2: தோட்டத்துப்பொண்ணு

அண்ணா, வருஷம் கண்டுபிடிக்கிறது நல்லதுதான், ஆனா அந்தச் சேர்க்கைப் பதிவேடு கைக்கு வந்தா முதல் பக்கத்தோட மூடி வச்சுடாதீங்கன்னு சொல்லத்தான் எழுதறேன். முழுசாப் படிங்க.

எங்க குடும்பம் சிலோன்ல இருந்து வந்தது. 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கணும்னு முடிவாச்சு, அந்த மக்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968-ல அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் வந்துச்சு, அதுதான் பின்னாடி டான்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டக் கழகம் ஆச்சு. எங்க பாட்டி தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி மண்டபம் முகாம்ல இருந்து கோத்தகிரி பக்கம் வந்தவங்க. எங்க அம்மாவை இங்க ஸ்கூல்ல சேர்க்கும்போது வயசு பன்னெண்டு, மூணாவதுல உட்கார வச்சாங்க, ஏன்னா அங்க தோட்டப் பள்ளிக்கூடத்துல படிச்சதுக்கு காட்ட ஒரு பேப்பரும் இல்ல. அம்மாவுக்கு அந்தக் கூச்சம் இன்னைக்கும் இருக்கு, அந்தச் சின்னப் பிள்ளைங்களோட பெஞ்சுல உட்கார்ந்தேன்னு சொல்லும்போது குரல் மாறிடும். ஆனா படிச்சாங்க, எட்டாவது வரைக்கும் படிச்சாங்க, எங்க வீட்டுல கையெழுத்துப் போடத் தெரிஞ்ச முதல் பொம்பளை அவங்க.

எங்க மாமா பொண்ணுக்கு சாதிச் சான்றிதழ் வேணும்னு அலைஞ்சப்போ தாலுகா ஆபீஸ்ல பூர்வீக ஆதாரம் கேட்டாங்க, எங்களுக்கு எங்க இருந்து பூர்வீகம், பட்டாவா பத்திரமா ஒண்ணும் கிடையாது. கடைசில கை குடுத்தது அம்மாவோட ஸ்கூல் பதிவேடுதான். அப்போதான் அந்தப் புஸ்தகத்தை முதல் தடவை பார்த்தேன். பேர், அப்பா பேர், அப்பா தொழில், தாய்மொழி, முன்னாடி படிச்ச ஸ்கூல், அம்மை குத்தியிருக்கா இல்லையா, எந்தத் தேதில விலகினாங்க, என்ன காரணம். அந்தப் பக்கம் முழுக்க முன்னாடி படிச்ச ஸ்கூல்ங்கிற இடத்துல இலங்கை இலங்கைன்னு வருது. அதுக்கு முந்தின பக்கங்கள்ல ஒண்ணு கூட இல்ல. ஒரு ஊருக்கு ஜனம் வந்து இறங்கினது அப்படியே தெரியுது.

விலகின காரணத்தையும் பாருங்க அண்ணா. பொம்பளைப் பிள்ளைங்க எந்த வகுப்புல நிக்கிறாங்க, எந்த வருஷத்துல இருந்து பத்தாவது தாண்டறாங்க, அது தெரியும். 2000 வாக்குல பச்சைத் தேயிலை விலை விழுந்து எத்தனை குடும்பம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்குச்சு, அதுவும் டிசி வாங்கின பக்கத்துல இருக்கும். விழா மலர்ல ஹெச்எம் லிஸ்ட்டும் இடம் குடுத்தவங்க போட்டோவும் கண்டிப்பாப் போடுங்க, அவங்க குடுத்ததாலதான் கட்டிடம் நிக்குது. ஆனா கொழுந்துக் கூடையை இறக்கி வச்சுட்டுப் பிள்ளையை ஸ்கூல்ல விட வந்த எங்க பாட்டிங்களும் அந்த மலர்ல வரணும்.

பதில் 3: நீலமலை_ராஜா

எல்லாப் பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து ஒரு ஃபேஸ்புக் பேஜ்ல போட்டுடுங்க ப்ரோ, அவங்கவங்க பேரை அவங்கவங்களே பார்த்துக் கமெண்ட்ல சொல்லுவாங்க, ஒரு மாசத்துல மொத்த ஹிஸ்டரியும் வந்துடும். வெளிநாட்டுல இருக்குறவங்களும் பார்ப்பாங்க.

பதில் 4: கோத்தகிரி_டீச்சர்

ராஜா தம்பி ஆர்வத்துல சொல்றது புரியுது, ஆனா தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. நான் மலையிலயே பல ஸ்கூல்ல டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவ. அந்தப் பதிவேட்டுல ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரா சாதி எழுதியிருக்கும், அப்பன் பேர் தெரியாத பிள்ளைக்கு அதுவும் எழுதியிருக்கும், சிலருக்கு ஃபெயில் ஆனதால நின்னான்னு இருக்கும். இன்னைக்கு அவங்க பேரன் பேத்தி எடுத்து கௌரவமா இருக்காங்க. அதைத் தெருவுல விரிச்சு வைக்க நமக்கு உரிமை இல்ல. படம் எடுங்க, பத்திரமா வைங்க, எழுதும்போது எண்ணிக்கையாவும் போக்காவும் எழுதுங்க, ஒருத்தர் பேரைப் போடணும்னா அவர்கிட்டயோ வீட்டுக்காரங்ககிட்டயோ கேட்டுட்டுப் போடுங்க. தோட்டத்துப்பொண்ணு சொன்ன மாதிரி பதிவேடு சாதிச் சான்றுக்குக் கை குடுக்கும், அதுலயும் 1950-க்கு முந்தின பக்கங்கள் ரொம்ப வலுவான ஆதாரம், அதனாலயே யாராவது கை வைக்கவும் வாய்ப்பிருக்கு, ஒரிஜினல் எங்க இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க.

படம் எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. நம்ம ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும், ஜூன் மாசம் பீரோவைத் திறந்தா துணியே பூஞ்சை பிடிச்சிருக்கும், பேப்பர் என்ன ஆகும். பழைய இங்க் தாளையே அரிச்சிருக்கும், ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கும். ஒட்டிக்கிட்ட பக்கத்தைப் பிரிக்கிறேன்னு இழுக்காதீங்க, வெயில்ல காயப் போடாதீங்க, மொறுமொறுன்னு ஒடிஞ்சிடும். நிழல்ல காத்தாட ஒரு நாள் வைங்க, மெல்லிசான பிரஷ்ஷால தூசி தட்டுங்க, வாயை மூடிக் கட்டிக்குங்க பூஞ்சை நெஞ்சுக்கு ஆகாது. லாமினேஷன் கண்டிப்பா வேண்டாம், நல்லது பண்றோம்னு நினைச்சு லாமினேட் பண்ணின தாளை அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல ஃப்ளாஷ் இல்லாம நேர் மேல இருந்து போன்ல எடுத்தாலே தெளிவா வரும். பிப்ரவரி மார்ச்தான் இதுக்கு ஏத்த காலம், மழை தொடங்கினப்புறம் தொடவே தொடாதீங்க. மழைக்காலத்துல வேற கஷ்டமும் இருக்கு, 2009 நவம்பர்ல மலை சரிஞ்சப்பவும் 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டினப்பவும் ஜனங்களைக் கொண்டு வந்து தங்க வச்சது ஸ்கூல்கள்லதான், அந்த அவசரத்துல பீரோ எல்லாம் வராண்டாவுக்குப் போயிடும். அதுல தொலைஞ்ச ரெக்கார்டு எத்தனையோ.

பதிவேட்டுல இல்லாதது ஆளுங்க கிட்ட இருக்கு. சத்துணவு 1982-ல வந்தப்போ முதல்ல சமைச்ச ஆயாம்மா இருந்தா அவங்களைப் போய்ப் பாருங்க. வீட்டுல படுகு பேசிட்டு வந்து ஒண்ணாவதுல தமிழ் எழுத்தைப் பார்த்து முழிச்ச பிள்ளைங்க இன்னைக்குத் தாத்தாவா இருப்பாங்க, அவங்களுக்கு யார் எப்படிச் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுங்க. அக்கம்மா தேவி அம்மா படுகர் சமூகத்துல முதல் பெண் பட்டதாரி, 1962-ல நீலகிரி எம்பியா ஜெயிச்சாங்க. அவங்க ஜெயிச்ச சமயம் உங்க ஊர்ல எத்தனை வீட்டுல பொண்ணைப் படிக்க அனுப்பினாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க, நல்ல அத்தியாயமா வரும்.

பதில் 5: பெருமாள்மலை

கொடைக்கானல் பக்கத்துல இருந்து எழுதறேன். எங்க நிலைமையும் இதேதான் சகோ. அமெரிக்கன் மிஷன்காரங்க தங்க பிள்ளைங்களுக்காக 1901-ல ஆரம்பிச்ச ஹைகிளர்க், இப்போ இன்டர்நேஷனல் ஸ்கூல், அதுக்குப் போட்டோவோட வரலாறு இருக்கு. மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி கீழ கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புல இருந்து அந்தக் குடும்பங்களையும் பெட்டி படுக்கையையும் தோள்ல சுமந்து மேல கொண்டு வந்தவங்க பேரப்பிள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் கூட இல்ல. அந்த ஸ்கூலைக் குறை சொல்லல, அவங்க எழுதி வச்சாங்க, நாமும் எழுதணும்.

ஈரத்துல ரெக்கார்டு நிக்காதுன்னு எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. இதே மலைல சூரிய ஆராய்ச்சி நிலையத்துல 1900-கள் ஆரம்பத்துல இருந்து சூரியனை எடுத்த கண்ணாடித் தட்டு நெகட்டிவுங்க பத்திரமா இருந்து இப்போ கம்ப்யூட்டர்ல ஏத்தி உலகத்துக்கே குடுத்திருக்காங்க. யாராவது பொறுப்பா பார்த்துக்கிட்டா மலைலயும் நூறு வருஷம் நிக்கும், நம்ம பள்ளிக்கூடத்துக்கு அந்த யாராவது இல்ல, அவ்வளவுதான்.

ஒரு ஐடியா. காமராஜர் காலத்துல நெ.து.சுந்தரவடிவேலு டைரக்டரா இருந்தப்போ பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்தினாங்க, 1958-ல தொடங்குச்சு, ஊர்க்காரங்க பெஞ்சு, கடிகாரம், பீரோ, கரும்பலகைன்னு வாங்கிக் குடுத்தாங்க. அந்தச் சாமான்கள்ல குடுத்தவங்க பேரும் வருஷமும் பெயின்ட்ல எழுதியிருக்கும். எங்க ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல கால் உடைஞ்ச பெஞ்சைக் கவுத்துப் பார்த்துத்தான் ஒரு வருஷம் உறுதியாச்சு. விறகுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஸ்கூல்ல எல்லா மரச் சாமானையும் அடில பாருங்க.

எஸ்டேட் ஸ்கூல்களையும் சேர்த்துக்குங்க. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல ஆறுல இருந்து பன்னெண்டு வயசுப் பிள்ளைங்க 25-க்கு மேல இருந்தா தோட்டக்காரங்களே படிக்க வசதி பண்ணணும்னு இருந்துச்சு, அந்தச் சின்னப் பள்ளிக்கூடங்கள்ல அஞ்சாவது முடிச்சவங்கதான் உங்க ஸ்கூலுக்கு ஆறாவதுக்கு வந்திருப்பாங்க. அதுல பல ஸ்கூல் மூடியாச்சு, அதோட பேர் உங்க பதிவேட்டுல மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

வெலிங்டன்_பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல. ஓய்வு எழுத்தர் ஐயா, நீங்க சொன்னது சரியாப் போச்சு, எங்க ஸ்கூலுக்குக் கீழ படிக்கட்டு இறங்கினா ஒரு ஊராட்சி ஒன்றிய ஆரம்பப் பள்ளி இருக்கு, சின்ன வயசுல இருந்து அது வேற ஸ்கூல்னே நினைச்சிருந்தோம், அப்பா கிட்ட கேட்டா எங்க காலத்துல ரெண்டும் ஒண்ணு, அங்க அஞ்சாவது முடிச்சுட்டு அதே பையைத் தூக்கிட்டு மேல ஏறி வருவோம்ங்கிறாரு. பெரியவர் கிட்டயும் போய் உட்கார்ந்தேன், அவர் மூணு வருஷம் எங்க ஊர்ல, அப்புறம் ஃபாரம் டவுன்லன்னு நிதானமாச் சொல்லும்போது வருது. குரூப்ல பவள விழாவா இருந்தாலும் நூற்றாண்டா இருந்தாலும் பரவாயில்ல, முதல்ல பதிவேட்டைப் பார்ப்போம், விழாவை அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னு சொல்லிட்டேன், பாதிப் பேர் சரின்னாங்க, மீதிப் பேரும் வருவாங்க.

டீச்சர், படம் எதையும் வெளில போட மாட்டோம். தங்கச்சி தோட்டத்துப்பொண்ணு, எங்க ஊர்லயும் சிலோன் குடும்பங்கள் இருக்காங்க, என் கூட அஞ்சாறு பேர் படிச்சாங்க, அவங்க அம்மாக்களை ஏன் இதுவரைக்கும் யாரும் கேக்கலன்னு இப்போ தோணுது, அவங்க கிட்டதான் முதல்ல போகப் போறேன்.

கடைசியா ஒரு கேள்வி. ஆரம்பப் பள்ளி ஹெச்எம் எனக்குப் பழக்கம் இல்ல. நேராப் போய்க் கேட்டா பதிவேட்டைக் காட்டுவாங்களா, இல்ல யார் கிட்டயாவது லெட்டர் வாங்கிட்டுப் போகணுமா?

ஓய்வு_எழுத்தர்

நேராப் போய்க் கேட்டா காட்ட மாட்டாங்க, காட்டவும் கூடாது, சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், அதுக்கு ஹெச்எம்தான் பொறுப்பு. ஹைஸ்கூல் ஹெச்எம் கையெழுத்தோட ஒரு கடிதம், பள்ளி மேலாண்மைக் குழு தீர்மான நகல் ஒண்ணு, ரெண்டையும் வச்சு வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் குடுங்க, ஆரம்பப் பள்ளி அவர் கீழதான் வரும். விண்ணப்பத்துல பதிவேட்டைப் பள்ளியை விட்டு வெளில எடுத்துட்டுப் போக மாட்டோம், ஹெச்எம் முன்னிலையில பார்ப்போம், எடுத்த படத்தோட ஒரு காப்பியைப் பள்ளிக்கே குடுப்போம், தனி நபர் விவரத்தை வெளியிட மாட்டோம்னு நாலையும் எழுதுங்க, இந்த நாலு வரி இருந்தா பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. பதிவேடு வைக்க ஒரு இரும்புப் பெட்டி பழைய மாணவர்கள் சார்பா வாங்கித் தர்றோம்னும் சேர்த்துக்குங்க, அது பள்ளிக்கு நிஜமாவே தேவைப்படற சாமான். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி அவங்களுக்கு வசதியான நாளைக் கேட்டுக்குங்க, வேலை நாள்ல காலைல போனா எமிஸ்ங்கிற ஆன்லைன் பள்ளி விவர என்ட்ரில உட்கார்ந்திருப்பாங்க, உங்க கூட நின்னு பக்கம் புரட்ட நேரம் இருக்காது.